கொழுப்புத் துகளும் மெல்லிய குழாயும்

எங்கள் ஆய்வகத்துக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வாரத்திலேயே, நான் மூன்று நாள் பாடுபட்டுப் பிரித்து வைத்திருந்த ரத்த மாதிரியை அக்கா கழுவுதொட்டியில் கொட்டிவிட்டார். கை தவறியெல்லாம் இல்லை, தெரிந்தேதான் கொட்டினார்.

"நெறம் வெளுத்துப் போச்சுங்க சார்," என்றார். "நல்லா இருந்தா மஞ்சளா இருக்கோணும். இது கெட்டுப்போனது. இதை வெச்சுட்டு நீங்க என்ன பாத்தாலும் தப்பாத்தான் வரும்."

என்னைக் கேட்டுவிட்டுச் செய்திருக்கலாமே என்று எனக்குக் கோபம். ஆனால் அவர் சொன்னது சரி. நாங்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் அந்தக் கொழுப்புத் துகளுக்கு இயல்பிலேயே ஒரு மஞ்சள் நிறம் உண்டு. காற்றுப்பட்டுச் சிதைந்தால் அது வெளுத்துவிடும். அன்றைக்குக் குழாயின் மூடி சரியாக மூடாமல் இருந்தது. மூடியவன் நான்.

நான் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். எக்ஸ்ரேயைப் பற்றி எனக்குத் தெரியும். ரத்தத்தைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். அதனால்தான் ரத்தம் எடுக்கவும் பிரிக்கவும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று விண்ணப்பம் கேட்டிருந்தோம். அப்படி வந்தவர்தான் அக்கா; மருத்துவ ஆய்வக டிப்ளமோ படித்தவர். பதினெட்டு வருடம் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் இருந்துவிட்டு வந்திருந்தார். ஊர் சூலூர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை சார் என்பார். முதல் நாளில் ஏற்பட்ட அந்த வழக்கம் இன்றுவரை மாறவில்லை.

எங்கள் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். ரத்தத்தில் கொழுப்பு தனியாக மிதந்து போவதில்லை. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது. ஆகவே உடம்பு கொழுப்பைச் சின்னஞ்சிறு உருண்டைகளாக்கி, அவற்றின் மேல் ஒரு மெல்லிய உறையும் ஒரு நீண்ட புரதச் சரடும் சுற்றி அனுப்புகிறது. பரிசோதனை ரிப்போர்ட்டில் 'கெட்ட கொழுப்பு' என்று ஒரு வரி வருகிறதே, அது இந்த உருண்டைகளில் ஒரு வகை. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் நாற்பதாயிரத்துக்கு மேல் வரிசையாக அடுக்கலாம், அவ்வளவு சிறியது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. எக்ஸ்ரேயை அதன் வழியாகச் செலுத்தினால், கதிர்கள் கொஞ்சம் கொஞ்சம் விலகிச் சிதறும். அந்தச் சிதறலை ஒரு கோடாக வரைந்து, கோட்டின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு உருண்டையின் உள்ளே என்ன எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று கணக்கிடுவோம்.

அதில் என்னை முதலில் இழுத்தது ஒரே ஒரு விஷயம். அந்த உருண்டையின் உள்ளே இருக்கும் கொழுப்பு, குளிர்ந்தால் அடுக்கடுக்காக ஒழுங்காகி நிற்கும். சூடானால் உருகிக் குழம்பிவிடும். அடுக்காக நிற்கும்போது எங்கள் கோட்டில் ஒரு முகடு எழும்பும். உருகினால் முகடு காணாமல் போகும். உடம்பின் சூட்டில் அது உருகிய நிலையில்தான் இருக்கும் என்பது இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. இவ்வளவு சிறிய பொருளுக்குள் உறைவதும் உருகுவதுமாக ஒரு காரியம் நடக்கிறது, அதை ஒரு கோட்டில் பார்க்க முடிகிறது என்பது எனக்கு இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான்.

அக்கா வேலை செய்யும்போது பார்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு வந்திருப்பவரை உட்காரவைத்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ரத்தம் எடுத்து முடித்திருப்பார். ரத்தத்தைச் சுழற்றித் தெளிந்த நீரைப் பிரித்து, அதில் உப்பைக் கலந்து கனமாக்கி, பெரிய சென்ட்ரிஃப்யூஜில் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்கச் சுற்றவிடுவோம். எதிரெதிர்க் குழாய்களின் எடை சமமாக இருக்க வேண்டும். தராசு சமம் காட்டிய பிறகும் அவர் இன்னொரு முறை நிறுப்பார். சுற்றி முடித்துத் திறந்தால் குழாயின் மேற்பகுதியில் மஞ்சள் பட்டையாக ஒரு வளையம் மிதக்கும். அதை ஊசியால் உறிஞ்சியெடுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். பக்கத்து அடுக்கிலிருந்து ஒரு சொட்டு கலக்காது. நான் செய்து பார்த்தேன். எனக்குக் கலந்தது.

இரண்டாவது வருடம் சென்னிமலையிலிருந்து ஒருவர் ரத்தம் கொடுக்க வந்தார். தறியில் பெட்ஷீட் நெய்கிறவர், வயது நாற்பத்தைந்து இருக்கும். அவருடைய அப்பாவும் அண்ணனும் ஐம்பதைத் தொடுவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார்கள். அவரைப் பார்த்துவந்த டாக்டர் எங்கள் ஆய்வைப் பற்றிச் சொல்லி அனுப்பியிருந்தார். தயங்கித் தயங்கிப் பேசுகிற மனிதர். கையெழுத்துப் போடும் முன் படிவத்தை முழுவதும் படித்தார்.

அவருடைய மாதிரியைக் கருவியில் வைத்து, முப்பத்தேழு டிகிரிக்குச் சூடாக்கி எக்ஸ்ரே எடுத்தேன். முகடு போகவில்லை. உடம்பின் சூட்டிலும் அந்த மனிதரின் கொழுப்பு உருகாமல் அடுக்காகவே நிற்கிறது என்று அதற்கு அர்த்தம். மறுநாள் இன்னொரு குழாயில் நிரப்பி எடுத்தேன். அப்போதும் முகடு நின்றது. மாரடைப்புக் குடும்பம், உருகாத கொழுப்பு! என்னால் உட்கார முடியவில்லை. வராந்தாவில் நாலு தடவை நடந்தேன். துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவரும் கருத்தரங்கு ஒன்றுக்கு உடனே ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பச் சொன்னார். அன்று மாலையே அனுப்பிவிட்டேன்.

இதோடு நின்றிருக்கலாம். அவர் மறுபடி ரத்தம் கொடுக்க வந்தபோது, சந்தோஷத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "உங்க ரத்தத்துல இதுவரைக்கும் யாருக்கும் பாக்காத ஒண்ணு இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன்.  தலையை ஆட்டிவிட்டுப் போனார். பக்கத்தில் பஞ்சை எடுத்துவைத்துக்கொண்டிருந்த அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து எனக்குத் தேர்வுக் கண்காணிப்பு வேலை வந்தது. எப்போதும் குழாயில் நிரப்பிக் கருவியில் வைப்பது என் வேலை. அந்த வாரம் அக்காவைச் செய்யச் சொன்னேன். இரண்டாம் நாள் தேர்வு முடிந்து அறைக்கு வந்தால், அக்கா கையில் இரண்டு பெட்டிகளும் அவருடைய நோட்டுமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டும் கண்ணாடிக் குழாய்கள் வந்த பெட்டிகள். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாக, ஊதினால் உடைகிற மாதிரி இருக்கும் குழாய்கள்.

"சார், ஒண்ணு சொல்லட்டுங்களா? கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்கக்கா."

"இந்தப் புதுப் பொட்டியில இருக்கற குழாய் பழசைவிட மெலிசுங்க. ஹோல்டர்ல வெச்சா ஆடுது. பழைய குழாய் கிண்ணுனு உக்காரும். நான் நோட்டுல பாத்தேன். சென்னிமலை அண்ணனோட மொதல் சாம்பிள் அன்னிக்குத்தான் இந்தப் பொட்டியைப் பிரிச்சிருக்கறோம்."

"அதனால?"

"நீங்க ஆள் புதுசுன்னு பாத்தீங்க. ஆள் மட்டும் மாறலீங்க சார். குழாயும் மாறிருச்சு."

ஆடுகிற குழாயில் சூடு சரியாக ஏறியிருக்காது என்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததனால்தான் கோபம் வந்தது. "அக்கா, சூடு முப்பத்தேழுன்னு மீட்டர் காட்டுது. ரத்தத்தை நீங்க பாத்துக்கோங்க. எக்ஸ்ரேயை நான் பாத்துக்கறேன்" என்றேன். வார்த்தை வெளியே வந்த பிறகு என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் திருப்பி வாங்கவும் மனசு வரவில்லை. அக்கா பெட்டிகளை மேசைமேல் வைத்தார். "சரிங்க சார்" என்றார். மீதி வேலையை முடித்துவிட்டு, வழக்கமான பஸ்ஸுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மறுநாள் காலை எனக்கு முன்பாகவே வந்திருந்தார். மேசைமேல் ஒரு சிறிய பாட்டில் இருந்தது. தேங்காயெண்ணெய்.

"கெணத்துக்கடவுல என் தம்பி செக்குல ஆட்டுனது," என்றார். "மார்கழிக் காலையில ஒறைஞ்சு கெடக்கும், வெயில் வந்தா உருகிரும். இருபத்தஞ்சு டிகிரிக்கு மேல ஒறைஞ்சு நிக்காதுங்களே? இதைப் பிரிட்ஜுல வெச்சு ஒறைய வெச்சு, அந்த மெலிசுக் குழாயில போட்டு, மீட்டர்ல முப்பத்தேழு வைங்க. உருகுச்சுன்னா நான் சொன்னது தப்பு. நான் பேசாமப் போயிர்றேன்."

புதுப் பெட்டியிலிருந்து ஒரு குழாய் எடுத்தேன். குழாயில் எண்ணெயை நிரப்பி, உறையவைத்து, ஹோல்டரில் வைத்தோம். மீட்டர் முப்பத்தேழு காட்டியது. அரை மணி நேரம் விட்டுவிட்டு எக்ஸ்ரேயைத் திறந்தேன். எண்ணெய் உருகியிருந்தால் திரையில் கூரான முகடு எதுவும் வரக்கூடாது. கோடு மெல்ல மெல்ல உருவாகிவந்தது. ஊசி மாதிரி ஒரு முகடு எழும்பியது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தேன். அது இன்னும் உயர்ந்தது.

 "பார்த்தீங்களா" என்று ஒரு வார்த்தை, ஒரு சிரிப்பு, எதுவும் இல்லை. அக்கா டார்ச்சை எடுத்து வந்தார். கருவியை நிறுத்தி மூடியைத் திறந்து உள்ளே காட்டினார். மெல்லிய குழாய் ஹோல்டரின் சூடான செம்புத் துண்டைத் தொடவே இல்லை. முன்பக்கத்துத் தகட்டின்மேல் சாய்ந்து நின்றது. அந்தத் தகட்டுக்குச் சூடு கிடையாது; ஏசி அறையின் குளிர்தான். கருவி ஓடும்போது உள்ளே காற்றும் இருக்காது, வெற்றிடம். பிளாஸ்க் சுவரைப்போல் வெற்றிடம் சூட்டைத் தாண்டவிடாது. மீட்டர் செம்புத் துண்டின் சூட்டைச் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. குழாயின் சூட்டை அதனிடம் யாரும் கேட்கவில்லை.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கருத்தரங்குக்குப் போன சுருக்கம், துறைத்தலைவர், எழுதத் தொடங்கியிருந்த கட்டுரை என்று ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. "நேத்து அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்கக்கா" என்றேன்.

"அது கெடக்குதுங்க சார். ஆஸ்பத்திரியில டாக்டருங்க இதுக்கு மேல பேசுவாங்க." பிறகு, "பேப்பரையும் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்த அண்ணனுக்குச் சொல்லோணும். நீங்க அன்னிக்குச் சொன்னதைக் கேட்டுட்டு அவரு போன மொகம் நல்லா இல்லீங்க" என்றார்.

எனக்கு அவர் முகம் எப்படி இருந்தது என்றே நினைவில் இல்லை.

போனில் சொல்லலாம் என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில், தப்பாகப் போன ஒரு ரிப்போர்ட்டைத் திருத்த அவரே ஒரு வீட்டுக்குப் போனதாகச் சொன்னார். போனில் சொன்னால் நல்ல செய்தியைக்கூட மறைக்கிறார்கள் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்களாம். துறைத்தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.  "வாபஸ் வாங்கிருங்க" என்றார், அவ்வளவுதான். அன்றே சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக் கடிதம் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காங்கேயம் பஸ்ஸில் ஏறினேன். சூலூரில் அக்கா ஏறிக்கொண்டார். காங்கேயத்தில் இறங்கி வேறு பஸ் மாறிச் சென்னிமலை போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் நான் என்ன சொல்வது, எந்த வார்த்தையில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கா நன்றாகத் தூங்கினார்.

வீட்டின் முன்னறையில் தறி இருந்தது. பாதி நெய்த பச்சைப் பெட்ஷீட் அப்படியே நின்றது. அவர் எங்களைக் கண்டதும் எழுந்தார். முகம் வெளிறிவிட்டது. ஏதோ பெரிதாகச் சொல்லத்தான் இருவரும் வீடுவரை வந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார் போலும். அவர் மனைவி உள்ளிருந்து வந்து கதவோரம் நின்றார்.

நான் யோசித்துவைத்த எதுவும் வாயில் வரவில்லை. "தப்பு எங்களுதுங்க" என்றுதான் தொடங்கினேன். "உங்க ரத்தத்துல புதுசா ஒண்ணும் நாங்க கண்டுபுடிக்கலீங்க. எங்க மிஷின்ல குழாய் சரியா உக்காரல. அது தெரியாம நான் அன்னிக்கு அப்படிச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

 அவர் மனைவிதான் முதலில் பேசினார். "ரெண்டு வாரமா இந்த மனுசன் ஒரு வா சோறு ஒழுங்காத் திங்கலீங்க. தறியில உக்காந்தா எந்திரிச்சு வெளிய போறாரு, வெளிய போனா உள்ள வாராரு. அவங்க அண்ணன் பசங்களக் கூப்புட்டு நெலத்தைப் பத்தியெல்லாம் பேசிப்போட்டாரு. படிச்சவங்க ஒரு வார்த்தை சொல்றதுக்கு முன்னால யோசிக்க மாட்டீங்களா?"

"யோசிச்சிருக்கோணுமுங்க" என்றேன். 

அக்கா அந்த அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "நீங்க திட்டுறது நாயந்தானுங்க அம்மணி," என்றார். "ஆனா ஒண்ணு. புதுசா ஒண்ணும் கண்டுபுடிக்கலீன்னு சொன்னமே தவிர, கொழுப்பே இல்லீன்னு சொல்லல. டாக்டரு குடுத்த மாத்திரைய அண்ணன் நிறுத்தக் கூடாது. அவங்க அப்பாரு, அண்ணன் சமாச்சாரம் இருக்குதில்லீங்களா. அதை டாக்டரு பாத்துக்குவாரு. எங்க மிஷின் பேச்சைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், தைரியமாவும் இருக்க வேண்டாம்."

அந்த அம்மா சிரித்துவிட்டார். சிரித்ததும் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் காபி வந்தது.

 அவர் கணவர் காபியைக் குடித்து முடித்த பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப என் ரத்தமும் எல்லாரு மாதிரித்தானுங்களா?"

"அதைத்தான் இனிமே சரியாப் பாக்கோணுமுங்க. பாத்தாலும் உங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். டாக்டர் மூலமாத்தான் வரும்."

"சரி," என்றார். நிம்மதியும், கொஞ்சம் ஏமாற்றமும் அந்த முகத்தில் சேர்ந்து தெரிந்த மாதிரி எனக்குப் பட்டது. "இன்னொருக்கா ரத்தம் வேணுமுன்னா வாரனுங்க. எந்தத் தேதின்னு அந்த அக்காவையே போன் பண்ணச் சொல்லுங்க."

என்னை அல்ல, அக்காவை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

புது ஹோல்டரை சூலூரில் ஒரு லேத் பட்டறையில் செய்தோம். அக்காவின் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி. பட்டறைக்காரரிடம் நான் வரைபடம் கொடுத்தேன். அக்கா இரண்டு கண்ணாடிக் குழாய்களையே பஞ்சில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். "இதுதானுங்க உக்காரோணும். ஆடவும் கூடாது, ஒடையவும் கூடாது." பட்டறைக்காரர் மூன்றாவது முயற்சியில் சரியாகச் செய்தார். பள்ளத்தில் குழாயை வைத்து மேலே இன்னொரு செம்புத் தகட்டை அழுத்தினால், குழாய் இரண்டு பக்கமும் செம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதோடு குழாயை ஒட்டி நூல் மாதிரி இன்னொரு சூடு பார்க்கும் கம்பியையும் பொருத்தினோம். அன்றுமுதல், புதுக் குழாய்ப் பெட்டி பிரித்தால் முதலில் தேங்காயெண்ணெய், பிறகுதான் ரத்தம் என்று அக்கா ஒரு காகிதத்தில் எழுதிக் கருவியின் மேலே ஒட்டினார். மாணவர்கள் சிரித்தார்கள். ஆனால் செய்தார்கள்.

சென்னிமலைக்காரர் சொன்ன சொல் மாறாமல் வந்தார். மறுபடியும் ரத்தம், மறுபடியும் ஒரு நாள் சுழற்சி, மறுபடியும் அந்த மஞ்சள் வளையம். இந்த முறை இரண்டிரண்டு டிகிரியாகச் சூட்டை ஏற்றினோம். குளிரில் முகடு அழகாக நின்றது. சூடு ஏற ஏறக் குறுகிக்கொண்டே வந்தது. முப்பது டிகிரியை ஒட்டிக் கரைந்து, கோடு சமமாகிவிட்டது. எல்லோருக்கும் எங்கே உருகுமோ அதன் அக்கம்பக்கத்தில்தான் அவருக்கும் உருகியது. புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் திரையின் முன்னால் நின்றபோது, முதல்முறை முகடு நின்றதைப் பார்த்த சந்தோஷத்தைவிட, இது போனதைப் பார்த்த சந்தோஷம் பெரிதாக இருந்தது. ஒரு மனிதரின் கையிலிருந்து எடுத்த ரத்தம், அதற்குள் கண்ணுக்கே தெரியாத உருண்டை, அதற்குள் இன்னும் சிறிய அடுக்குகள். அவை ஒவ்வொன்றாய் நெகிழ்ந்து எண்ணெயாவதை இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். அக்காவும் பார்த்துக்கொண்டிருந்தார். "நம்ம ஒடம்புக்குள்ள இத்தனை நேத்தியா யாருங்க சார் அடுக்கி வெச்சது?" என்றார். 

அதன்பின் வந்த ஒன்றரை வருடத்தில் வேறு பலரும் ரத்தம் கொடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் உருகும் இடம் ஓரிரு டிகிரி முன்னும் பின்னுமாக இருந்தது. உருண்டைக்குள் இருக்கும் கொழுப்பின் வகை மாற மாற அந்த இடமும் நகர்ந்தது. ஏற்கெனவே பிறர் சொன்னதை எங்கள் பக்கத்து ஜனங்களின் ரத்தத்தில் பொறுமையாகச் சரிபார்த்த கட்டுரை அது. பெரிய கட்டுரை இல்லை. குழாயால் வந்த தவற்றையும், எண்ணெயால் அதைக் கண்டுபிடித்த முறையையும் ஒரு பத்தியில் எழுதினேன். துறைத்தலைவர் அந்தப் பத்தி எதற்கு என்றார். வேண்டும் என்றேன். நான் அவரை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

கட்டுரையை அனுப்புகிற அன்று, ஆசிரியர்களின் பெயரைக் கணினிப் படிவத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. என் பெயருக்கு அடுத்து அக்காவின் பெயர். அவரைக் கூப்பிட்டேன். நன்றி சொல்லும் இடத்தில் போடுவதாகத்தான் அவர் நினைத்திருந்தார். ஆசிரியராகவே போடுகிறேன் என்றதும், "எனக்கெதுக்குங்க சார் அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

படிவம் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை மட்டும் போட்டேன். ஓர் எழுத்தை அது ஏற்றுக்கொள்ளவில்லை. முழுப் பெயர் வேண்டுமாம்.

"ஊட்டுக்காரர் பேரைப் போட்டுரலாங்களா?" என்றேன்.

அக்கா யோசித்தார். "எங்கப்பா பேரைப் போடுங்க சார். இனிஷியலும் அவருதுதானுங்க. கெணத்துக்கடவுல அடுத்தவங்க தோப்புல கூலிக்குப் போயித்தான் என்னைய டிப்ளமோ படிக்க வெச்சாரு. ரேஷன் கார்டைத் தவிர அவரு பேரு எங்கயும் அச்சுல வந்ததில்லீங்க."

நான் தட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையருகே குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்திப் படித்தார்.

"நடுவுல ஒரு எழுத்து தப்பா இருக்குதுங்க சார்," என்றார்.

திருத்தினேன்.